உறை கூறும் வரலாறு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க முத்திரைகள்

தபால் முத்திரை சேர்த்தல் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென்று கருதுவோர் பலர். பல நிறக் கடதாசித் துண்டுகளை நாடுவாரியாகப் புத்தகத்தில் ஒட்டி மகிழ்வதற்கு மேல் அதில் யாதுளது என்பது அவர் வினா. மற்றொரு சாரார், ஒரு முத்திரை பல இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று என்ற செய்தியைப் படித்துவிட்டு, அதனைச் செல்வர்தம் வீண் செலவென்று ஒதுக்குவர். இவ்விரு சாராரும் காணத் தவறுவது ஒன்றுண்டு. தபாலிற் சென்ற முத்திரை ஒரு வரலாற்றுச் சான்று. அச்சான்று பேசவேண்டுமாயின், முத்திரை தான் ஒட்டப்பட்ட உறையின்மீதே இருத்தல் வேண்டும். உறையினின்றும் பிரிக்கப்பட்ட முத்திரை, கோயிற் சுவரினின்றும் பெயர்த்தெடுத்த கல்வெட்டுத் துண்டை ஒக்கும். எழுத்திருக்கும், இடமும் காலமும் இரா.

இவ்வுண்மையை விளக்குதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க முத்திரைகளும் உறைகளும் மிகவும் ஏற்றவை. அந்நூற்றாண்டிலே ஐக்கிய அமெரிக்கா அத்திலாந்திக் கரையினின்றும் பசிபிக் கரைவரை விரிந்தது. உள்நாட்டுப் போரினாற் சிலகாலம் இரண்டாகப் பிளந்து நின்றது. கப்பலும் புகைவண்டியும் கொண்டு உலகோடு தொடர்பு பூண்டது. இம்மாற்றங்கள் யாவும் கடித உறைகளிற் சுவடு பதித்துள்ளன. இக்கட்டுரையில் ‘முத்திரை’ என்பது பணம் கொடுத்து வாங்கி ஒட்டப்படும் துண்டையும், ‘தபாற் குறி’ என்பது தபாற் கந்தோரில் இடப்படும் ஊர்ப்பெயரும் திகதியும் கொண்ட அடையாளத்தையும், ‘உறை’ என்பது தபாலிற் சென்ற கடிதத்தின் வெளிப்புறம் முழுவதையும் குறிக்கும் எனக் கொள்க.

முத்திரைக்கு முன்

முத்திரை தோன்றுமுன்னர் அமெரிக்காவிற் கடிதம் எவ்வாறு சென்றது என்பதை முதற்கண் நோக்குதல் தகும். கட்டணம் இரண்டு அளவைகளைப் பற்றி அமைந்தது. கடிதம் செல்லும் தூரம் ஒன்று. அதிலுள்ள தாள்களின் தொகை மற்றொன்று. 1825 முதல் 1845 வரை, ஒரு தாளில் எழுதிய கடிதம் 30 மைலுக்குள் 6 சதமும், 400 மைலுக்கு அப்பால் 25 சதமும் பெற்றது. தாள் இரண்டாயிற் கட்டணமும் இரட்டித்தது. உறையும் ஒரு தாளெனக் கணக்கிடப்பட்டமையால் உறையிடுவார் அரியர். எழுதிய தாளையே மடித்து, அரக்கிட்டு, வெளிப்புறத்தில் முகவரி எழுதினர். கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தலாமெனினும் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார்.

இத்தகைய மடித்த கடிதங்கள் இன்றும் பெருந்தொகையாகக் கிடைக்கின்றன. முத்திரை இல்லாமையால் முற்காலத்துச் சேகரிப்போர் இவற்றைப் பொருட்படுத்திலர். ஆயினும் மூலையில் மையால் எழுதிய ‘25’ என்னும் எண் ஒன்றே, இது நானூறு மைலுக்கு மேற் பயணஞ் செய்த ஒற்றைத் தாட் கடிதம் என்று நமக்குக் கூறிவிடும். கூலித் தொழிலாளி ஒருவனின் நாட்கூலி ஒரு டொலருக்கும் குறைவாயிருந்த காலத்தில், தொலைவிலிருந்து வந்த மகனின் கடிதத்தை வாங்குதற்கு ஒரு தாய் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் அவ்வெண் உணர்த்தும்.

தபாலதிபர் தாமே வெளியிட்டவை

1840ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்திலே, உரோலண்ட் ஹில் வகுத்த சீர்திருத்தத்தின்படி, உலகின் முதல் ஒட்டு முத்திரை வழக்கிற்கு வந்தது. அமெரிக்க அரசு அதனை உடனே பின்பற்றவில்லை. 1842இல் நியூயோர்க் நகரில் அலெக்சாந்தர் கிறெய்க் என்பவர் நடத்திய தனியார் கடித சேவையே அந்நாட்டில் முதன்முதல் ஒட்டு முத்திரையை வழங்கியது. வாஷிங்டனின் உருவம் பொறித்த 3 சத முத்திரை அது. சில மாதங்களில் அரசு அச்சேவையை வாங்கிக்கொண்டது.

1845 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டமே பெருமாற்றத்தை விளைத்தது. தாட்கணக்கு ஒழிந்தது, நிறைக்கணக்கு வந்தது. அரை அவுன்சுக் கடிதம் 300 மைலுக்குள் 5 சதமும் அப்பால் 10 சதமும் பெற்றது. கட்டணம் எளிமையாயிற்று, முத்திரையோ இன்னும் வெளிவரவில்லை. இக்குறையை நீக்க நியூயோர்க், சென் லூயிஸ், பால்ற்றிமோர், புரொவிடென்ஸ், அலெக்சாந்திரியா முதலிய சில ஊர்களின் தபாலதிபர்கள் தாமே முத்திரை அச்சிட்டு விற்றனர். இவற்றைத் தபாலதிபரின் இடைக்கால முத்திரைகள் என்பர். அமெரிக்க அரும்பொருள்களுள் இவை முதல் வரிசையின.

சென் லூயிஸ் நகரின் முத்திரையிலே மிசூரி மாநிலச் சின்னமும் அதனைத் தாங்கி நிற்கும் இரு கரடிகளும் காணப்படும். ஆதலின் ‘சென் லூயிஸ் கரடிகள்’ என்பது அவற்றின் வழக்குப் பெயர். அச்சுத் தகடு ஆறே முத்திரைகள் கொண்டது. முதலில் மூன்று 5 சதமாகவும் மூன்று 10 சதமாகவும் வெட்டப்பட்டன. பின்னர் 5 சதத் தகட்டில் இரண்டு 20 ஆக மாற்றப்பட்டுச் சிலகாலத்தின் பின் மீண்டும் 5 ஆக்கப்பட்டன. 20 சத முத்திரை உண்மையானதுதானோ என்று முன்னாளில் ஐயுற்றோரும் இருந்தனர். 1895இல் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகர நீதிமன்றத்தின் பழைய பத்திரங்கள் கழிக்கப்பட்டபோது, அக்குப்பையிடையே நூற்றுக்கு மேற்பட்ட கரடி முத்திரைகள் கிடைத்தன. அவற்றுள் 20 சதமும் பல இருந்தன. ஐயம் அகன்றது. குப்பையென்று எரிக்கப்படவிருந்தவற்றுள் ஒரு நாட்டின் தபால் வரலாற்றில் ஓர் அத்தியாயம் கிடந்ததென்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இதனினும் வியப்பூட்டுவது அலெக்சாந்திரியா நகரின் முத்திரை. அது சித்திரமெதுவுமற்ற எளிய வட்டம். வெளிர் மஞ்சட்டாளில் அச்சிட்டவை சில கிடைத்துள்ளன. நீலத்தாளில் அச்சிட்டது ஒன்றே ஒன்று. அதனை ‘நீலப் பையன்’ என்பர். 1847 நவம்பரில் ஓர் இளைஞன் ரிச்மண்ட் நகரிலிருந்த தன் காதலிக்கு எழுதிய கடித உறையில் அது ஒட்டப்பட்டது. இருவரும் உறவினர், குடும்பங்களோ வெவ்வேறு திருச்சபைப் பிரிவைச் சார்ந்தன. ஆகவே காதல் மறைவாகவே வளர்ந்தது. படித்தபின் வழக்கம்போல எரித்துவிடுமாறு அவன் கடிதத்திலே கேட்டிருந்தான். அவள் எரிக்கவில்லை. பிற்காலத்தில் அவர்கள் மணஞ்செய்து கொண்டனர். 1907இல் அவர்தம் மகள் தாயின் பழைய பொருள்களிடையே அதனைக் கண்டெடுத்தாள். 1981இல் அவ்வுறை பத்து இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

இங்கே முத்திரை மட்டும் தனியே வெட்டியெடுக்கப்பட்டிருப்பின் நமக்கு எஞ்சியிருப்பது ‘5’ என்னும் எண் பொறித்த ஒரு நீல வட்டமே. சென்ற ஊரும் நாளும், எழுதியவனும் பெற்றவளும், எரியாமல் எஞ்சிய காரணமும் யாவும் மறைந்திருக்கும்.

1847ஆம் ஆண்டின் வெளியீடு

1847 யூலை 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க அரசின் முதல் முத்திரைகள் வெளிவந்தன. பெஞ்சமின் பிராங்கிளின் உருவம் தாங்கிய செம்பழுப்பு நிற 5 சதமும், யோர்ஜ் வாஷிங்டன் உருவம் தாங்கிய கருநிற 10 சதமும் அவை. நியூயோர்க்கிலிருந்த செதுக்கச்சு நிறுவனம் ஒன்று அவற்றை அச்சிட்டது. தபாற் கந்தோர்களுக்கு அனுப்பப்பட்டவை 5 சதத்தில் ஏறத்தாழ 37 இலட்சமும், 10 சதத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 65 ஆயிரமும் ஆகும். ஓரங்களில் துளைவரிசை இல்லாமையாற் கத்தரிக்கோலினால் வெட்டி விற்றனர். ஆகையால் நான்கு பக்கமும் வெள்ளோரம் சிதையாதிருக்கும் முத்திரைக்கு இன்று மதிப்பு அதிகம்.

5 சத முத்திரை கையில் இல்லாதபோது சிலர் 10 சத முத்திரையை மூலைக்கு மூலை வெட்டி, ஒரு பாதியை 5 சதமாக ஒட்டினர். தபாற் கந்தோரும் சில இடங்களில் அதனை ஏற்றுக்கொண்டது. இத்தகைய பாதி முத்திரை உறையோடிருப்பின் பெருமதிப்புடையது. உறையின்றித் தனித்திருப்பின் கிழிந்த முத்திரையேயன்றி வேறில்லை. எவரும் இன்றைக்கும் ஒரு முத்திரையை இரண்டாக வெட்டலாமன்றோ? வெட்டின் கோட்டைக் கடந்து உறைத்தாள்மீதும் பரந்து விழுந்த தபாற் குறியே, அது அந்நாளில் வெட்டி ஒட்டப்பட்டதென்பதற்குச் சான்று. முத்திரைக்கு உயிர் தருவது உறையே என்னும் நம் கருத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மூன்று சத முத்திரையும் ஆராய்ச்சியும்

1851 யூலையில் கட்டணம் மேலும் குறைந்தது. முன்கூட்டிச் செலுத்தின் 3,000 மைல்வரை 3 சதம். செலுத்தாவிடில் 5 சதம். வேறுபாடு இருந்தமையால் மக்கள் முத்திரை ஒட்டப் பழகினர். 1855 ஏப்ரில் முதல் உள்நாட்டுக் கடிதங்களுக்கு முன்கட்டணம் கட்டாயமாயிற்று. 1856 சனவரி முதல் அதனை முத்திரையாலேயே செலுத்தல் வேண்டும் என்றாயிற்று. 1857இல் துளைவரிசையும் வந்து சேர்ந்தது.

இக்காலத்து 3 சத வாஷிங்டன் முத்திரை அரியதன்று, மிகமிகப் பொதுவானது. எனினும் மிகச் சிறந்த ஆராய்ச்சிக்கு இடமாயிருந்தது அதுவே. அச்சுத் தகடு ஒவ்வொன்றும் 200 முத்திரைகளைக் கொண்டது. தகட்டில் உருவம் பதிந்தபின் தேய்ந்த கோடுகளைச் செதுக்குவோர் கையினாற் திருத்தினர். கைத்திருத்தம் ஒன்றுபோல் மற்றொன்று அமையாது. ஆகவே பூதக்கண்ணாடி கொண்டு நோக்கின், ஒரு முத்திரை எத்தகட்டில் எவ்விடத்தில் அச்சானது என்பதைக் கூறிவிடலாம். கறொல் சேஸ் என்னும் மருத்துவர் பல்லாண்டு முயன்று இத்தகடுகளை ஒன்றொன்றாக மீள அமைத்து, 1929இல் அது பற்றிய நூலை வெளியிட்டார். சிதறிய ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம்.

இவ்வாராய்ச்சிக்கும் உறைகளே துணைநின்றன. 1850களிலே பல ஊர்த் தபாற் குறிகளில் நாளும் மாதமும் உண்டு, ஆண்டு இல்லை. ஆண்டினை அறிதற்கு உள்ளிருக்கும் கடிதத்தின் திகதியையோ, கடிதம் பெற்ற வணிகர் கோப்பிலிடும்போது ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பையோ நாடவேண்டும். திகதியறிந்த உறைகள் இல்லையாயின், எத்தகடு முந்தியது, எந்நிறம் பிந்தியது என்பதை எவராலும் வரிசைப்படுத்தியிருத்தல் இயலாது.

போர்க்காலத்து உறைகள்

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பிரிந்துபோன தென் மாநிலங்களின் தபாற் கந்தோர்களில் கையிருப்பாக இருந்த முத்திரைகளை எதிரி பணமாக்கிக் கொள்ளலாகாது என்று கருதிய வாஷிங்டன் அரசு, புதிய முத்திரைகளை அச்சிட்டுப் பழையவற்றைச் செல்லாதனவாக்கியது. ‘பழைய முத்திரை ஏற்கப்படாது’ என்னும் பொருள்படும் குறியிடப்பட்ட உறைகள் அக்குழப்பத்தை இன்றும் காட்டுகின்றன.

தென் மாநிலங்களின் கூட்டமைப்பு 1861 யூன் 1ஆம் திகதி தனித் தபாற் சேவையைத் தொடங்கியது. சேவை தொடங்கிற்று, முத்திரை இல்லை. ஜெபர்சன் டேவிஸ் உருவம் பொறித்த முதல் 5 சத முத்திரை ஒக்டோபரிலேயே வெளிவந்தது. இடைப்பட்ட மாதங்களில், 1845இல் நிகழ்ந்தவாறே, ஊர்த் தபாலதிபர்கள் மறுபடியும் தாமே முத்திரை அச்சிட்டனர்.

போர் நீள நீளத் தெற்கிலே கடதாசி அருகியது. வந்த கடிதத்தின் உறையைப் பிரித்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, மீண்டும் ஒட்டி அனுப்பினர். சுவரில் ஒட்டும் பூவேலைத் தாள், கணக்குப் புத்தகத் தாள், அச்சடித்த படிவம் ஆகியனவும் உறைகளாயின. இவற்றைச் சேகரிப்போர் ‘இடர்க்கால உறைகள்’ என்பர். ஒரு நாட்டின் பொருளாதாரம் எவ்வாறு நலிந்தது என்பதைப் புள்ளிவிவரங்கள் கூறுவதினும் தெளிவாக, உட்புறத்தில் முல்லைக்கொடியும் வெளிப்புறத்தில் ஒரு போர்வீரன் தாயின் முகவரியும் கொண்ட உறையொன்று கூறவல்லது.

பகைப்பட்ட இரு பகுதிகளுக்குமிடையே வழமையான தபால் நின்றுபோயிற்று. எனினும் சமாதானக் கொடியின் கீழ், குறிப்பிட்ட இடங்களில் இரு தரப்பாரும் கடிதப் பைகளை மாற்றிக்கொண்டனர். தெற்கிலிருந்து வடக்கே சென்ற சில உறைகளிற் கூட்டமைப்பின் 10 சத முத்திரையும் ஐக்கிய அமெரிக்காவின் 3 சத முத்திரையும் அருகருகே உள்ளன. சிறைமுகாமிலிருந்து வந்தவற்றிற் கடிதம் பரிசோதிக்கப்பட்டதென்ற குறியும் உண்டு. போர்க்களத்திற் பகைவராயிருந்த டேவிசும் வாஷிங்டனும் ஒரே உறையில் அமர்ந்து ஒரு தாயின் கடிதத்தைச் சுமந்து சென்றனர் எனலாம்.

கடல் கடந்த கடிதங்கள்

வெளிநாட்டுக் கடிதங்களின் உறைகள் கணக்குப் புத்தகம் போன்றவை. அமெரிக்காவும் பிரித்தானியாவும் 1848இற் செய்த உடன்படிக்கையின்படி அரை அவுன்சுக் கடிதத்திற்குக் கட்டணம் 24 சதம். அதனுள் அமெரிக்க உள்நாட்டுப் பங்கு 5 சதம், கடற்பயணத்திற்கு 16 சதம், பிரித்தானிய உள்நாட்டுப் பங்கு 3 சதம். அமெரிக்காவில் முன்கட்டணம் செலுத்திய உறையில் ‘19’ என்ற எண் சிவப்பு மையில் இருப்பின், கடிதம் பிரித்தானியக் கப்பலிற் சென்றது என்பது பொருள். கடற்பங்கும் உள்நாட்டுப் பங்கும் கூடிய 19 சதம் பிரித்தானியாவுக்கு உரியது. ‘3’ என்றிருப்பின் அது அமெரிக்கக் கப்பலிற் சென்றது. பொருளறியாதார்க்கு அவ்வெண் ஒரு கறை. பொருளறிந்தார்க்கு அது கப்பலின் கொடி. 1874ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கை நாடுகளை ஒரே தபால் ஒன்றியத்தில் இணைத்தபின் இச்சிக்கல்கள் படிப்படியாக மறைந்தன.

இவ்விடத்தில் நம் நாட்டுத் தொடர்பொன்றையும் சுட்டல் பொருந்தும். 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த அமெரிக்க மிசனரிமார் பொஸ்டனிலிருந்த தம் தலைமைச் சங்கத்துடனும் குடும்பத்தாருடனும் இடைவிடாது கடிதத்தொடர்பு கொண்டிருந்தனர். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியர் இங்கு வந்தது, அமெரிக்காவின் முதல் முத்திரை வெளியான அதே 1847ஆம் ஆண்டிலாகும். அவர்தம் கடிதங்கள் தொகுக்கப்பட்டு 1891இல் நூலாக வெளிவந்தன. அச்சு நூல் கடிதத்தின் உள்ளுரையைத் தரும். அது எக்கப்பலில், எவ்வழியாக, எத்தனை நாளில், எவ்வளவு கட்டணத்தில் சென்றது என்பதைத் தராது. அவற்றைக் கூறவல்லது உறையொன்றே.

கீழ்த்திசைக்கு வந்த அமெரிக்க உறைகளுட் புகழ் மிக்கது ‘பனிக்கட்டி மனை உறை’ என்பதாகும். பொஸ்டன் வணிகர் பிரெடெரிக் ரியூடர் 1833இற் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டியைக் கப்பலேற்றத் தொடங்கினார். அமெரிக்கக் குளங்களில் உறைந்த கட்டிகள் மரத்தூளாற் பொதியப்பட்டு, நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கங்கைக் கரையில் இறங்கின. அவற்றைச் சேமித்த கட்டடமே பனிக்கட்டி மனை. 1873இல் அம்மனைக்கு முகவரியிட்டு பொஸ்டனிலிருந்து அனுப்பிய உறையொன்றில், வேறு முத்திரைகளோடு 1869ஆம் ஆண்டு வெளியீட்டின் 90 சத லிங்கன் முத்திரையும் ஒட்டப்பட்டிருந்தது. அம்முத்திரை ஒட்டியவாறே எஞ்சியுள்ளதாக அறியப்பட்ட உறை இது ஒன்றே. 1967இல் இண்டியானாபொலிஸ் நகரில் அது களவுபோயிற்று. ஏறத்தாழ நாற்பதாண்டின் பின், 2006இல், சிக்காகோவில் ஒரு முதிய தம்பதியர் பழைய வீட்டைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததென்று முத்திரைக் கடையொன்றுக்குக் கொண்டுவர, அது மீண்டும் வெளிப்பட்டது. மறைந்துபோன ஒரு வணிகத்தின் சான்றாக அது இன்று விளங்குகிறது.

அருமையும் விலையும்

பழமை வேறு, அருமை வேறு, விலை வேறு என்பதைத் தொடக்கநிலைச் சேகரிப்போர் உணர்தல் வேண்டும். கொலம்பசின் பயணத்து நானூறாவது ஆண்டு நிறைவைக் குறித்து 1893இல் வெளியான 2 சத முத்திரை நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. ஆயினும் ஏறத்தாழ 146 கோடி அச்சிடப்பட்டமையால் அது மலிவாகவே கிடைக்கும்.

மறுதலையாக, 1868ஆம் ஆண்டின் 1 சத பிராங்கிளின் முத்திரையொன்றை நோக்குக. ஒட்டிய முத்திரையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்க, சார்ள்ஸ் ஸ்ரீல் என்பவர் வகுத்த முறைப்படி, அக்காலத்து முத்திரைகளிற் சிறு புடைப்புகள் நெருங்கிய கட்டமொன்று அழுத்தப்பட்டது. தாளின் இழைகள் உடைவதால் தபாற் குறியின் மை உள்ளே ஊறிவிடும். இக்கட்டத்தைக் ‘கிறில்’ என்பர். அதன் வகைகளைச் சேகரிப்போர் எழுத்துகளாற் குறித்தனர். இசட் வகைக் கிறில் கொண்ட 1 சத முத்திரைகள் அறியப்பட்டவை இரண்டே. ஒன்று நியூயோர்க் பொது நூலகத்தின் உடைமை. மற்றையது 2024இல் 40 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. முன்புறத்தில் அது கோடிக்கணக்கில் அச்சான சாதாரண 1 சத முத்திரையே. வேறுபாடு அதன் மேனியில் அழுந்திய அந்தச் சிறு கட்டத்தில்தான் உள்ளது.

இவ்விலை நியாயமோ என்னும் வினாவிற்குச் சந்தை ஒரு விடை கூறும். வரலாறு வேறு விடை கூறும். இரண்டே உளவென்பது அதன் விலைக்குக் காரணம். ஆயினும் அது எவரிடமிருந்து எவருக்கு எக்கடிதத்தைக் கொண்டுசென்றது என்பது நமக்குத் தெரியாது. வாங்க எவரும் போட்டியிடாத 3 சத உறையொன்று அதனினும் மிகுதியாகப் பேசக்கூடும். விலையை அருமை உறுதிசெய்கிறது. பொருளை உறையே உறுதிசெய்கிறது.

போலிகள்

விலையுள்ள இடத்திற் போலியும் உண்டு. பேனாவினால் இட்ட கோட்டை இரசாயனத்தால் அகற்றிப் பயன்படாத முத்திரையாகக் காட்டல், துளைகளை வெட்டி நீக்கித் துளையற்ற அரிய வகையாக்கல், முத்திரையில்லா உறையில் முத்திரை ஒட்டிப் போலித் தபாற் குறியிடல் என்பன வழக்கமான சூழ்ச்சிகள். அரசே செய்த மறுவாக்கமும் உண்டு. 1876இற் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியை முன்னிட்டு 1847இன் இரு முத்திரைகளும் புதிய தகட்டிலிருந்து அச்சிடப்பட்டன. அவற்றிலுள்ள வாஷிங்டனின் கண்கள் உறக்கம் தோய்ந்தவைபோற் காணப்படும்.

போலியைக் காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் உறையே. 1856இல் நியூயோர்க்கிலிருந்து கலிபோர்ணியாவுக்குச் சென்றதாகக் கூறும் உறையில் 3 சத முத்திரை ஒன்றுமட்டும் இருப்பின் ஐயுறுக; 3,000 மைலுக்கு அப்பால் அக்காலக் கட்டணம் 10 சதம். கட்டணம், திகதி, வழி, கப்பல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். முத்திரையின்மேல் விழுந்த குறி உறைத்தாளிலும் தொடர்ந்து செல்கிறதா என நோக்குதல் வேண்டும். விலை மிக்கவற்றைத் தக்க நிபுணர் குழுவின் சான்றிதழின்றி வாங்கலாகாது. நியூயோர்க்கில் 1945இல் நிறுவப்பட்ட முத்திரையியல் நிலையம் இத்தகைய சான்றிதழ் வழங்குவதிற் பெயர்பெற்றது.

பேணுதல்

முற்காலத்துச் சேகரிப்போர் பெரும்பாலும் உறைகளை நீரில் ஊறவைத்து முத்திரையைப் பிரித்தெடுத்தனர். புத்தகத்திலே ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு கட்டம் அச்சிடப்பட்டிருந்தது. உறைக்கு அதில் இடமில்லை. இவ்வாறு அழிந்த சான்றுகள் எண்ணில. பிற்காலத்து அறிஞரே உறையின் பெருமையை உணர்ந்து அதனை அவ்வாறே வைத்துப் பேணும் வழக்கத்தைப் பரப்பினர்.

ஆகவே பழைய உறையைக் கையாள்வோர் சில விதிகளைக் கடைப்பிடித்தல் நன்று. முத்திரையைப் பிரிக்கலாகாது. உள்ளிருக்கும் கடிதத்தை உறையினின்றும் வேறாக்கலாகாது. ஓரத்திலுள்ள பேனாக் குறிப்பை அழுக்கென்று அழிக்கலாகாது. கிழிசலுக்கு ஒட்டுநாடா இடலாகாது. அதன் பசை காலப்போக்கிற் பழுப்புக் கறையை உண்டாக்கும். ஈரமும் வெப்பமும் மிக்க நம் நாட்டிலே பூஞ்சணமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் கடதாசிக்குப் பெரும்பகை. காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில், அமிலமற்ற தாளிடையே, நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.

பெருஞ்செல்வமின்றி இத்துறையில் யாது செய்யலாம் என்று மாணவர் வினவலாம். கரடிகளும் நீலப் பையனும் நமக்கு எட்டாதவை என்பது உண்மை. அவற்றைப் படங்களிலும், வாஷிங்டனில் 1993 முதல் இயங்கும் தேசியத் தபால் நூதனசாலை போன்றவற்றின் வெளியீடுகளிலும் கண்டு கற்கலாம். 1850களின் சாதாரண 3 சத உறையோ சிறு தொகைக்கும் கிடைக்கக்கூடியது. அத்தகைய ஒன்றைக் கையிலெடுத்து, எவ்வூர், எந்நாள், எவ்வழி, ஏன் இக்கட்டணம் என்று ஒவ்வொன்றாக வினவி விடை காண்பவன், நூறு முத்திரைகளைக் கட்டத்தில் ஒட்டியவனிலும் மிகுதியாகக் கற்பான். சான்றை ஆராயும் பயிற்சியே வரலாற்றுக் கல்வியின் அடிப்படை.

இறுதியாக ஒன்று. அமெரிக்கர் தம் நீதிமன்றக் குப்பையிலிருந்தும் தாய்மாரின் பழம் பேழைகளிலிருந்தும் மீட்டெடுத்த உறைகளால் தம் நாட்டு வரலாற்றை நிரப்பிக்கொண்டனர். நம் வீடுகளிலும் மலாயாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த பழங்கடிதக் கட்டுகள் சில இன்னும் எஞ்சியிருக்கலாம். ஏடுகளையும் பத்திரங்களையும் பெருமளவில் இழந்த நாம், எஞ்சியவற்றின் அருமையைப் பிறர் சொல்லி அறியவேண்டியவரல்லர். அவற்றில் ஒட்டிய அழகிய முத்திரைக்காக உறையைக் கிழிக்குமுன், அவ்வுறை யாருடைய கதையைச் சுமந்து வந்தது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.